நான்கு புலிகளும் ஒரு சிறுகதையும்



சென்ற மாதம் ஜவளகிரியிலிருந்து தடித்த உறையொன்று வந்து சேர்ந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணியாற்றும் இளைஞர் அதை அனுப்பியிருந்தார். தம் பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவருடைய விருப்பம். ஆகவே தம்பி என்றே குறிப்பிடுகிறேன். உறையினுள் முழுத்தாளில் பதினான்கு பக்கம் வரும் சிறுகதை ஒன்றும், ஒரு பக்கக் கடிதமும் இருந்தன. அமெரிக்கச் சிறுகதைகளையும் ஜப்பானியச் சிறுகதைகளையும் மொழிபெயர்ப்பில் தேடித் தேடிப் படித்து வருகிறாராம். முன்னவை முடிவை நோக்கி நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகின்றன என்றும், பின்னவை முடிந்த பிறகே மனத்துக்குள் தொடங்குகின்றன என்றும் எழுதியிருக்கிறார். கூர்மையான வாசிப்புத்தான். இறுதியில் ஒரு கேள்வி: "நான் யாரிடம் பாடம் கேட்பது?"

கதையை இரண்டு முறை படித்தேன். காட்டோர நிலத்தில் ராகிப் பயிருக்கு இரவெல்லாம் பரண் மீது காவல் இருக்கும் முதியவர் ஒருவர். ஓசூரில் இரவுப் பணிக்குச் செல்லும் அவர் மகன். மாலைதோறும் அந்த வீட்டுத் தாய் இரண்டு தூக்குப்போசிகளில் களியும் குழம்பும் வைத்துக் கொடுக்கிறார். ஒன்று பரணுக்கு, மற்றொன்று தொழிற்சாலைக்கு. யானை மிதித்து யாரோ ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி முதற் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. இறந்தவர் யார் என்பதைப் பன்னிரண்டு பக்கங்கள் மறைத்துக்கொண்டே சென்று, பதின்மூன்றாம் பக்கத்தின் அடியில், அது மகனுடைய அத்தாதான் என்று தம்பி வெளிப்படுத்துகிறார். அதன் பிறகு ஒரு பக்கம் முழுவதும் அறிவுரை. பெற்றோரைப் பேண வேண்டும். பொருளின் பின்னால் ஓடலாகாது. இருக்கும்போது அருமை தெரிவதில்லை.

கருத்துகள் யாவும் நல்லவை. ஆயினும் கதையை மூடி வைத்தபோது என் மனம் கலங்கவில்லை. ஒரு தந்தையின் மரணத்தைப் படித்த மனம் ஏன் கலங்காமல் இருந்தது என்று இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை. இரு நாட்டு எழுத்தாளர்களையும் வரிசையாக நிறுத்தி ஒப்பிட்டால் இதழ் முழுவதும் போதாது. ஆகவே நான்கு புலிகளை வழித்துணையாகக் கொள்கிறேன். முதற் புலி தம்பியின் ஊரிலேயே இருக்கிறது.

ஜவளகிரியின் புலி

அவ்வூரை அறியாதவர்களுக்கு ஒரு சொல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டையை அடுத்து, கர்நாடக எல்லையோரம் அமைந்த காட்டுப்புறச் சிற்றூர் ஜவளகிரி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் புழங்கும் வட்டாரம் அது. ஒருபுறம் ஓசூர்த் தொழிற்பேட்டை. மறுபுறம் பன்னார்கட்டா வரை நீளும் காடு. ராகி முற்றும் பருவத்தில் யானைக் கூட்டங்கள் கர்நாடகக் காடுகளிலிருந்து இவ்வழியே தமிழ்நாட்டுக்குள் இறங்குவது ஆண்டுதோறும் நடப்பது. தம்பியின் கதையில் வரும் பரண் கற்பனையன்று.

இந்தச் சிற்றூரின் பெயர் 1954ஆம் ஆண்டிலேயே இலண்டனில் அச்சேறிவிட்டது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) என்ற வேட்டைக்காரர், ஒன்பது ஆட்கொல்லிகளையும் ஒரு கொம்பன் யானையையும் பற்றி எழுதிய ஆங்கில நூலில், ஜவளகிரியின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தார். அன்று இவ்வூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இணை சேரும் பருவத்தில் ஆண்புலி சுடப்பட்டு வீழ்கிறது. தனித்துப்போன பெண்புலி தன் இணையைக் கூவிக் கூவிக் காட்டில் அலைகிறது. அதன் மீதும் துப்பாக்கி திரும்புகிறது. காயமுற்ற அந்தப் பெண்புலியே பின்னர் மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது. இறுதியில் ஆண்டர்சன் ஆண்புலியின் குரலைத் தம் தொண்டையிலிருந்து எழுப்புகிறார். கொல்லப்பட்ட இணை மீண்டு வந்து அழைப்பதாக எண்ணியோ என்னவோ, அந்தப் புலி குரல் வந்த திசை நோக்கி வருகிறது. குண்டு பாய்கிறது.

இது சிறுகதையன்று, வேட்டை அனுபவம். ஆனாலும் சிறுகதை எழுத விரும்புகிறவர் இதைக் கவனிக்க வேண்டும். நடந்தது ஒன்றுதான், அதைச் சொல்லக்கூடியவர்களோ பலர். வேட்டைக்காரர் சொன்னால் அது துணிவின் கதை. புலி சொல்ல முடிந்தால் அது கைம்மையின் கதை. இருட்டியதும் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழந்தைகளை அணைத்தபடி அந்தக் கூவலைக் கேட்டுக் கிடந்த ஜவளகிரித் தாய் ஒருத்தி சொன்னால் அது வேறொரு கதை. ஆண்டர்சன் தம் கதையை எழுதினார். அந்தத் தாயின் கதையை ஒருவரும் எழுதவில்லை.

யார் சொல்வது, எங்கே தொடங்குவது, எதை மறைப்பது, எங்கே வாய் மூடுவது: இந்த நான்கு முடிவுகளுக்கும் சேர்த்துத்தான் உத்தி என்று பெயர். அலங்காரச் சொற்களுக்கும் உத்திக்கும் உறவு சிறிதே. இந்த நான்கையும் அமெரிக்கர் எப்படி முடிவு செய்தனர், ஜப்பானியர் எப்படி முடிவு செய்தனர் என்று இனிப் பார்ப்போம்.

கதவுக்குப் பின்னால் ஒரு புலி

அமெரிக்கச் சிறுகதைக்கு இலக்கணம் வகுத்தவராக எட்கர் ஆலன் போவைச் சொல்வார்கள். 1842இல், ஹாத்தார்ன் என்பாரின் கதைத் தொகுதிக்கு எழுதிய மதிப்புரையில் அவர் தம் கொள்கையைக் கூறினார். ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகக் கதை இருக்க வேண்டும். படிப்பவர் மனத்தில் ஒரே ஒரு விளைவை உண்டாக்க வேண்டும். முதல் வாக்கியத்திலிருந்து ஒவ்வொரு சொல்லும் அந்த விளைவுக்கே உழைக்க வேண்டும். ஒரு பொறியாளர் எந்திரத்தை வடிவமைப்பது போன்ற பார்வை இது. அடுத்து வந்த நூறாண்டு அமெரிக்கக் கதையில் இக்கொள்கையின் நிழலைக் காணலாம்.

ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882இல் வெளியிட்ட 'மங்கையா, புலியா?' என்ற கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓர் அரை நாகரிக அரசன். அவன் மகளைக் காதலித்த குற்றத்துக்காக ஓர் இளைஞன் வட்ட அரங்கில் நிறுத்தப்படுகிறான். எதிரே ஒன்றுபோல் இரண்டு கதவுகள். ஒன்றின் பின்னால் பசித்த புலி. மற்றொன்றின் பின்னால் அவனுக்கு மணமுடிக்கப்பட இருக்கும் அழகி. எந்தக் கதவில் எது என்ற மறைபொருள் இளவரசிக்குத் தெரியும். அந்த அழகியை அவள் வெறுக்கிறாள் என்பதும் நமக்குத் தெரியும். இளைஞன் அவளை நிமிர்ந்து பார்க்கிறான். அவள் கை வலப்புறம் சற்றே அசைகிறது. அவன் வலக் கதவைத் திறக்கிறான். வந்தது எது? விடையை வாசகரிடமே விட்டுவிட்டு ஸ்டாக்டன் விலகிக்கொள்கிறார். விடை கேட்டு வாசகர்கள் நச்சரித்தார்கள். 1885இல் அவர் அதற்குத் தொடர்ச்சியாக இன்னொரு கதை எழுதினார். அதிலும் விடை சொல்லவில்லை!

இந்த உத்தியில் கதையின் முழுப் பளுவையும் ஒரு மூடிய கதவு தாங்குகிறது. நாம் காத்திருப்பது கதவு திறப்பதற்காக. ஓ. ஹென்றி (1862–1910) என்ற புனைபெயரில் எழுதியவர் இந்தக் கதவைத் திறப்பதில் வல்லவர். வறிய கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் பரிசு வாங்குவதற்காகத் தத்தம் அரும்பொருளை இழக்கும் அவருடைய கதை நம் பள்ளி மாணவர்களுக்கும் தெரிந்ததே. கடைசிப் பத்தியில் கதவு திறக்கிறது, நாம் வியக்கிறோம். அந்தக் கதையில் வியப்போடு கண்ணீரும் வருவதற்குக் காரணம் உண்டு. கதவு திறக்கும்போது வெளிப்படுவது எழுத்தாளரின் சாமர்த்தியம் மட்டுமல்ல, அவ்விருவரின் அன்பும்தான். அவரைப் பார்த்து எழுதியவர்கள் திருப்பத்தைப் பிடித்துக்கொண்டு அன்பை விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காவிலேயே இதற்கு மறுப்பும் எழுந்தது. பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். கதையும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதை ஹெமிங்வே 1932இல் எழுதினார். அதற்கு முன்பே, 1927இல், அவர் அதைச் செய்து காட்டிவிட்டார். ஸ்பெயின் நாட்டுப் புகைவண்டி நிலையம் ஒன்றில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வண்டிக்குக் காத்திருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் வயிற்றிலுள்ள கருவைப் பற்றியே பேச்சு. ஆனால் அந்தச் சொல் கதையில் ஓரிடத்திலும் வராது. இங்கே கதவும் இல்லை, திறப்பும் இல்லை. ஆகவே அமெரிக்க உத்தி என்றாலே திடுக்கிடும் முடிவு என்று தம்பி எண்ணியிருந்தால் அது பாதி உண்மையே.

புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல்

இனி ஜப்பானுக்குச் செல்வோம். நகாஜிமா அட்சுஷி என்பவர் 1909இல் பிறந்து, 33 வயதில், 1942 டிசம்பரில் இறந்துபோனவர். அந்த ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய 'மலைமேல் நிலவு' என்ற கதை, ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிப் பாடநூல்களில் தலைமுறை தலைமுறையாக இடம்பெற்று வருகிறது. பழஞ்சீனக் கதை ஒன்றைத் தழுவி எழுதப்பட்டது அது.

அரசுப் பணியை உதறிவிட்டுக் கவிஞனாகப் புகழ்பெற விரும்பிய ஒருவன். புகழ் வரவில்லை, வறுமை வருகிறது. மனைவி மக்களுக்காகத் தாழ்ந்த பதவி ஒன்றை ஏற்கிறான். முன்பு தனக்குக் கீழாக மதித்தவர்களின் கட்டளைக்குப் பணிய நேர்கிறது. ஒருநாள் இரவு மதிமயங்கி இருளுக்குள் ஓடியவன் திரும்பவில்லை. மறு ஆண்டு அவனுடைய பழைய நண்பன் ஒருவன், ஆட்கொல்லிப் புலி இருப்பதாக எச்சரித்தும் கேளாமல், விடியுமுன் அக்காட்டுவழியே செல்கிறான். புலி பாய்கிறது, பாய்ந்த வேகத்திலேயே திரும்பிப் புல்லுக்குள் மறைகிறது. உள்ளிருந்து ஒரு மனிதக் குரல், நல்லவேளை தப்பியது என்று தனக்குத் தானே முணுமுணுக்கிறது. நண்பனுக்கு அந்தக் குரல் தெரிந்த குரல்.

இவ்வளவும் கதையின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். புலி யார் என்ற மறைபொருளை நகாஜிமா காப்பாற்றி வைக்கவில்லை. அமெரிக்க வழியில் எழுதுகிறவர் கடைசி வரிக்கு வைத்திருக்கக் கூடியதை அவர் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார். பிறகு நாம் எதற்காகப் படிக்கிறோம்? அந்தக் குரலைக் கேட்பதற்காக.

குரல் முதலில் தன் கவிதைகளை எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறது. தான் ஏன் புலியானேன் என்று தன்னையே தோண்டிப் பார்க்கிறது. திறமை இல்லாதது வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு குருவிடமும் செல்லவில்லை. திறமை இருக்கிறது என்ற செருக்கால் சாதாரண மனிதரோடும் கலக்கவில்லை. உள்ளிருந்த அந்தச் செருக்கும் கூச்சமுமே தன்னை விலங்காக்கியது என்கிறது. எல்லாம் சொல்லி முடித்து, விடைபெறும் வேளையில்தான் மனைவி மக்களைக் காப்பாற்றுமாறு கேட்கிறது. கேட்டதும் அதற்கே நாணம் உண்டாகிறது: பட்டினி கிடக்கும் பிள்ளைகளைப் பற்றியல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும், கவிதையைப் பற்றி முதலில் பேசிய தான் விலங்கானதில் வியப்பென்ன?

கதையின் உயிர் இந்த வரிசைப் பிறழ்ச்சியில் இருக்கிறது. மறைத்து வைத்துத் திறக்கும் கதவு எதுவுமில்லை. ஒரு மனிதன் எதை முதலில் சொன்னான், எதை இரண்டாவதாகச் சொன்னான் என்பதுதான் திருப்பம். இறுதியில் நண்பன் குன்றேறித் திரும்பிப் பார்க்கிறான். புலி வெளிப்பட்டு, வெளிறிய நிலவை நோக்கி முழங்கிவிட்டுப் புதருக்குள் மறைகிறது. ஆசிரியர் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஜப்பானியக் கதைக்காரர் பலரிடம் இந்த இயல்பைக் காணலாம். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், இணைப்பு என்று நான்கு அடிகளாகப் பகுக்கும் ஒரு பழைய முறை சீனக் கவிதையிலிருந்து அவர்களுக்கு வந்தது. அதில் மூன்றாம் அடியாகிய திருப்பம் சண்டையின் முடிவாக இருக்க வேண்டியதில்லை; பார்வை வேறு பக்கம் திரும்பினாலே போதும். 1968இல் நோபல் பரிசு பெற்ற கவபாத்தா யசுநாரி, உள்ளங்கையில் அடங்கும் கதைகள் என்று பெயரிட்டு 140க்கு மேற்பட்ட குறுங்கதைகளை எழுதினார். அவற்றுள் பல ஓரிரு பக்கமே வரும். ஒரு பார்வை, ஒரு பொருள், ஒரு சிறு அசைவு; அத்துடன் கதை நின்றுவிடும்.

ஆயினும் இரு நாடுகளுக்கும் நடுவே சுவரெழுப்பிவிடக் கூடாது. அகுதாகவா (1892–1927) எழுதிய 'தோப்புக்குள்' என்ற 1922ஆம் ஆண்டுக் கதையில் ஒரு கொலையைப் பற்றி ஏழு வாக்குமூலங்கள் வருகின்றன. இறந்தவனே ஆவி பிடித்தவள் வாயிலாகச் சாட்சி சொல்கிறான். எது உண்மை என்று இறுதிவரை தெரிவதில்லை. குரோசாவா 1950இல் எடுத்த 'ரஷோமோன்' திரைப்படத்தின் கதை இதுவே. இதற்குப் பழைய ஜப்பானியக் கதையொன்று மூலம். அதனோடு, அமெரிக்கரான ஆம்புரோஸ் பியர்ஸ் 1907இல் எழுதிய கதையின் சாயலும் உண்டென்று ஆய்வாளர் காட்டுவர். அதிலும் பலர் சாட்சி சொல்கிறார்கள், இறந்தவளும் பேசுகிறாள். நல்ல எழுத்தாளர் கடல் கடந்தும் பாடம் கேட்கிறார். ஆனால் திரும்பி வந்து தம் ஊர்த் தோப்பைப் பற்றியே எழுதுகிறார்.

காதரின் புலி

நான்காம் புலி நம்முடையது. அசோகமித்திரன் (1931–2017) சென்னையில் ஜெமினி திரைப்பட நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர்; 1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்துக்குச் சென்று வந்தவர். அவருடைய 'புலிக் கலைஞன்' என்ற கதையைப் படிக்காத வாசகர் இருந்தால் இவ்வாரமே தேடிப் படியுங்கள்.

படப்பிடிப்பு இல்லாமல் ஓய்ந்து கிடக்கும் ஒரு திரைப்பட நிறுவனம். இடைவேளை நேரத்தில் காதர் என்ற மெலிந்த மனிதர் வேலை கேட்டு வருகிறார். தம்மை 'டகர் பாயிட்' காதர் என்கிறார். டைகர் ஃபைட் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று விளங்கவே அங்கிருப்பவர்களுக்குச் சற்று நேரமாகிறது. முஹர்ரம் நாட்களில் புலி வேடமிட்டு ஆடும் வழக்கம் தக்காணத்திலும் தமிழகத்துச் சில ஊர்களிலும் முன்பு பரவலாக இருந்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காதரும் அத்தகைய ஒருவராக இருக்கலாம் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் புலி முகத்தைத் தலையில் மாட்டிக்கொண்ட மறுகணம் அந்த அறையில் மனிதர் இல்லை, புலி இருக்கிறது. அது பாய்கிறது, உறுமுகிறது, தாவி ஏறுகிறது. பார்த்தவர்கள் உறைந்து போகிறார்கள். பிறகு அந்த முகம் கழற்றப்படுகிறது. மீண்டும் அதே மெலிந்த மனிதர். வாய்ப்புக் கேட்டு, பசியைச் சொல்லி, கலங்கி நிற்கிறார்.

பிற்பாடு ஒரு காட்சிக்கு அவரைப் பயன்படுத்தலாம் என்று கடிதம் எழுதுகிறார்கள். அது உரியவரைக் காணாமல் திரும்பி வந்துவிடுகிறது. தேடியும் ஆள் கிடைக்கவில்லை. இனிக் கிடைத்தாலும் பயனில்லை என்னும்படியாக, வேறொரு படத்தில் கதாநாயகனே புலியாட்டம் ஆடிவிட்டான். கதை முடிந்தது.

நகாஜிமாவின் புலியையும் இந்தப் புலியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டு கதையிலும் கலைஞன் ஒருவன். இரண்டிலும் பசித்த வயிறுகள். இரண்டிலும் உலகம் உரிய காலத்தில் மதிக்கவில்லை. ஜப்பானியக் கதையில் செருக்கினால் மனிதன் புலியாகிறான், மீள வழியில்லை. தமிழ்க் கதையில் சில நிமிடங்கள் புலியாக இருக்கும்போதுதான் காதர் தலைநிமிர்ந்து இருக்கிறார். மனிதனாக மீள்வதே அவருக்குத் தண்டனை. முன்னதில் புலி தன் நெஞ்சைத் திறந்து பேசுகிறது. பின்னதில் காதரின் நெஞ்சுக்குள் ஆசிரியர் நுழையவே இல்லை. அலுவலகத்தில் உடனிருந்த ஒருவர், தாம் கண்டதை மட்டும், அலுவலகக் குறிப்பு எழுதுவது போன்ற அமைதியான குரலில் சொல்லிக்கொண்டு போகிறார்.

திரும்பி வந்த அந்தக் கடிதத்தின் முன் அசோகமித்திரன் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். திரையுலகின் கல்நெஞ்சைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். காதர் இறந்துவிட்டார் என்று திடுக்கிட வைத்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அதனால்தான் காதர் எங்கே போயிருப்பார் என்ற கேள்வி நம்மோடு வீட்டுக்கு வருகிறது. அமெரிக்கரின் இறுக்கமும் ஜப்பானியரின் மௌனமும் அந்தக் கதையில் இருக்கின்றன. இருந்தும் அது சென்னையின் கதை, காதரின் கதை.

தம்பிக்குச் சில சொற்கள்

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன், தம்பி. நீங்கள் அத்தாவின் மரணத்தைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டீர்கள். பன்னிரண்டு பக்கங்களும் இறந்தவர் யார் என்று நாங்கள் துப்புத் தேடிக்கொண்டிருந்தோமே அல்லாமல், பரண் மீது குளிரில் உட்கார்ந்திருந்த மனிதரோடு ஓர் இரவும் கழிக்கவில்லை. கதவு திறந்தபோது, ஓ, இவர்தானா என்று தெரிந்துகொண்டோம். தெரிந்துகொள்வது வேறு, துயருறுவது வேறு. ஸ்டாக்டனின் அரங்கில் நிற்பவன் விளையாட்டுக்காகப் படைக்கப்பட்டவன். அவனைக் கதவின் முன் நிறுத்தலாம். பெற்ற தகப்பனை அப்படி நிறுத்தலாமா?

முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், இறந்தவர் அத்தா என்று. நகாஜிமா புலியை வெளிப்படுத்தியது போல வெளிப்படுத்திவிடுங்கள். அதன் பிறகு பரணைப் பற்றி நீங்கள் எழுதும் ஒவ்வொரு சொல்லும் கனக்கும். அவர் டார்ச் விளக்கைத் துடைப்பதும், போர்வையை இழுத்துவிடுவதும், தூரத்தில் கிளை முறியும் ஓசைக்குக் காது கொடுப்பதும் சாதாரணச் செயல்களாக இருக்கமாட்டா. இவர் நாளை இல்லை என்று தெரிந்த கண்களோடு நாங்கள் பார்ப்போம்.

அடுத்து, அந்தப் பதினான்காம் பக்கம். உங்களை மட்டும் குறை கூறவில்லை. நம் சமுதாய இதழ்களுக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் முடிகின்றன. இளமையில் நானும் இப்படித்தான் எழுதினேன். நல்லதைச் சொல்ல வேண்டும் என்ற ஆர்வம் அது, பழிக்கத்தக்கதன்று. ஆயினும் கதை முடிந்த பின் விளக்கவுரை கூறுவது, வாசகருக்குப் புரிந்திருக்காது என்று எண்ணுவதாகும். மையித்து வீட்டுக்குச் செல்கிறோம். நெருங்கிய உறவினர் ஓசையின்றி அருகில் வந்து அமர்கிறார். தூரத்துப் பழக்கமுள்ளவர் நிலையாமையைப் பற்றி உரையாற்றுகிறார். யாருடைய வரவு நமக்கு ஆறுதல்?

மூன்றாவது, மிக முக்கியமானது. அந்த அறிவுரைப் பக்கத்தின் நடுவே ஒரு வரியை எழுதிவிட்டு நீங்களே அடித்திருந்தீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தேன், பொறுத்துக்கொள்ளுங்கள். துக்கம் முடிந்து மகன் மீண்டும் வேலைக்குப் புறப்படும் முதல் மாலை, தாய் பழக்கத்தால் இரண்டு தூக்குப்போசிகளிலும் களியை வைத்து மூடிவிடுகிறார். அவ்வளவுதான் அந்த வரி. கதைக்குத் தேவையில்லை என்று அதை அடித்துவிட்டீர்கள்.

தம்பி, உங்கள் கதை அந்த வரியில்தான் இருக்கிறது. அதில் பெற்றோரைப் பேண வேண்டும் என்ற சொல் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் எந்த மகனும் அன்றிரவு தன் தகப்பனாரோடு தொலைபேசியில் பேசாமல் உறங்கமாட்டான். கவபாத்தாவின் உள்ளங்கையில் அடங்கக்கூடியது அது. ஹெமிங்வேயின் பனிப்பாறையில் நீருக்கு மேல் தெரியும் எட்டில் ஒரு பங்கும் அதுவே. ஆனால் நீங்கள் அதை அவர்களிடமிருந்து பெறவில்லை. ஜவளகிரியில் ஒரு சமையலறையில் கண்டீர்கள். அந்த வரியின் மேலுள்ள கோட்டை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் அடித்துவிடுங்கள்.

அமெரிக்கரிடம் பாடம் கேளுங்கள்: ஒரு சொல்லும் வீணாகாத கட்டுக்கோப்பை அவர்கள் கற்றுத் தருவார்கள். ஜப்பானியரிடம் கேளுங்கள்: எங்கே நிறுத்துவது, எங்கே பார்வையைத் திருப்புவது என்று காட்டுவார்கள். ஆண்புலியின் குரலை அச்சாக எழுப்பக் கற்றுக்கொண்டார் ஆண்டர்சன். அது அவருக்கு வேட்டையில் பயன்பட்டது. எழுத்தில் பிறர் குரலில் கூவினால் யாரும் வரமாட்டார்கள். பாடம் எங்கே கேட்டாலும் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

வாசகர்களே, ஜவளகிரியின் புலியைப் பற்றி வேட்டைக்காரர் எழுதிய நூல் வெளிவந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே கிடந்தவர்களின் கதை இன்னும் எழுதப்படவில்லை என்று மேலே சொன்னேன். அந்த வீடுகளில் ஒன்றிலிருந்துதான் இப்போது ஒருவர் எழுதத் தொடங்கியிருக்கிறார். பதினான்கு பக்கம் ஒன்பதாகக் குறைந்து திரும்பி வருமானால், இன்ஷா அல்லாஹ், ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பகுதிக்குரிய பக்கங்களை ஒரு மாதம் அவருக்கே விட்டுக்கொடுக்கச் சித்தமாயிருக்கிறேன்.